அந்த போலீஸ் மேல புகார்னா எந்த ஸ்டேஷனுக்கு போறது?

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வாசகர் "அமெரிக்கா உலக போலீஸா இருக்கறது சரியா?"ன்னு கேட்டிருந்தார், நானும் "சரியில்ல, எந்த நாடும் இருக்கக் கூடாது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதி பேர் கோபமா எழுதியிருக்கீங்க. நியாயமான கோபம்தான், லட்சக்கணக்கான உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு ஒரு வரி பதில் போட்டது என் தப்பு. இந்த வாரம் பக்கம் முழுக்க அந்த கேள்விகளுக்கு மட்டும்.

கேள்வி: ஒரு தெருவுக்கே போலீஸ் இல்லாம முடியல, இவ்வளவு பெரிய உலகத்துக்கு ஒருத்தர் வேணாமா சார்? பலம் இருக்கறவன்தானே அந்த வேலைய பாக்க முடியும்?
(வாசகர், திருச்சி)

பதில்: பலம் வேணும்ங்கறத ஒத்துக்கறேன். 2024ல மட்டும் அமெரிக்கா ராணுவத்துக்கு செலவு பண்ணது கிட்டத்தட்ட 1 லட்சம் கோடி டாலர், மொத்த உலகமும் செலவு பண்றதுல மூணுல ஒரு பங்குக்கும் மேல, அதனால பலத்துக்கு அங்க குறையே இல்ல. ஆனா பலம் இருந்தா ஒருத்தர் போலீஸ் ஆயிடுவாரா? நம்ம ஊர் இன்ஸ்பெக்டர எடுத்துக்கோங்க. அவர் கைல இருக்கற சட்டம் அவர் எழுதினது இல்ல, யாரையாவது புடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும், தண்டனை குடுக்கறது வேற ஒருத்தர், லாக்கப்ல ஒரு உயிர் போச்சுன்னா அதே இன்ஸ்பெக்டர் குற்றவாளி கூண்டுல ஏற வேண்டி வரும். இதெல்லாம் எவ்வளவு ஓட்டையோட நடக்குதுன்னு நமக்கு தெரியும், இருந்தாலும் மனு குடுக்க ஒரு வாசல் இருக்கு. தானே சட்டத்துக்கு அர்த்தம் சொல்லி, தானே குற்றவாளிய முடிவு பண்ணி, தானே தண்டனையும் குடுக்கறவர நம்ம கிராமங்கள்ல பண்ணையார்னுதான் சொல்லுவாங்க.

இந்த "போலீஸ்"ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா இன்னும் தெளிவாகும். 1904 டிசம்பர்ல அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த நாட்டு பார்லிமென்டான காங்கிரஸுக்கு அனுப்பின செய்தில, நம்ம பக்கத்து நாடுகள் ஒழுங்கா நடந்துக்கலன்னா அமெரிக்கா சர்வதேச போலீஸ் அதிகாரத்த கைல எடுக்க வேண்டி வரும்னு எழுதினார். அப்போ எந்த கொலைகாரன புடிக்க கிளம்பினாங்க? டொமினிகன் குடியரசு ஐரோப்பிய கடன்காரங்களுக்கு பணம் கட்டாம இருந்துச்சு, அவ்வளவுதான். மறு வருஷமே அந்த நாட்டோட சுங்க வசூல அமெரிக்க அதிகாரிங்க கைல எடுத்து 100க்கு 55 கடன்காரங்களுக்கு, 45 அந்த நாட்டுக்குன்னு பிரிச்சாங்க. பக்கத்துல ஹைதி. 1914 டிசம்பர்ல அமெரிக்க கடற்படை வீரர்கள் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ்ல இறங்கி, அந்த நாட்டு வங்கிலேர்ந்து 5 லட்சம் டாலர் தங்கத்த தூக்கி கப்பல்ல ஏத்தி நியூயார்க்குக்கு கொண்டு போனாங்க, அடுத்த வருஷம் நாட்டையே புடிச்சு 1934 வரைக்கும் 19 வருஷம் உக்காந்துட்டாங்க, ரோடு போட அந்த ஜனங்கள கட்டாய வேலைக்கு இழுத்தாங்க, எதிர்த்து நின்ன சார்லமேன் பெரால்ட்ட 1919ல கொன்னு உடம்ப ஒரு கதவுல கட்டி போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டினாங்க. உலக போலீஸ் வேலை ஆரம்பிச்ச லட்சணம் இது சார், நடுவுல எங்கயோ கெட்டுப்போனதில்ல.

கேள்வி: பாதிக்கப்பட்ட நாடு சர்வதேச கோர்ட்டுக்கு போலாமே? யாரும் போகலயா?
(சட்டக் கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: போனாங்கம்மா, ஜெயிக்கவும் ஜெயிச்சாங்க. நீங்க சட்டம் படிக்கறீங்க, நிகரகுவா வழக்க கண்டிப்பா படிச்சிருப்பீங்க இல்லன்னா சீக்கிரம் படிப்பீங்க. மத்தவங்களுக்காக சொல்றேன். 1984ல மத்திய அமெரிக்கால இருக்கற நிகரகுவாவோட துறைமுகங்கள்ல அமெரிக்க உளவு நிறுவனம் சி.ஐ.ஏ. கண்ணிவெடி வச்சுது, அந்த அரசாங்கத்த கவுக்கறதுக்காக கான்ட்ராங்கற ஆயுதக் குழுக்களுக்கு பணமும் பயிற்சியும் குடுத்துச்சு. அந்த குட்டி நாடு நெதர்லாந்து நாட்டு ஹேக் நகரத்துல இருக்கற சர்வதேச நீதிமன்றத்துல வழக்கு போட்டுச்சு. இந்த வழக்க விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு கோர்ட் சொன்ன உடனே 1985 ஜனவரில அமெரிக்கா இனிமே நான் வரலன்னு எழுந்து போயிடுச்சு. கோர்ட் விடல, நடத்தி முடிச்சு 1986 ஜூன் 27 அன்னைக்கு தீர்ப்பு குடுத்துச்சு, அமெரிக்கா பண்ணது சட்டவிரோதம், நஷ்ட ஈடு குடுக்கணும்னு.

குடுக்கல. தீர்ப்ப அமல்படுத்தச் சொல்லி நிகரகுவா ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு போச்சு, அங்க 11 நாடு ஆதரவு, 3 நாடு நடுநிலை, எதிர்த்தது அமெரிக்கா மட்டும்தான், அந்த ஒரு ஓட்டு வீட்டோ, அதாவது அது விழுந்தா எத்தனை பேர் ஆதரிச்சாலும் தீர்மானம் செத்துடும். குற்றம் சாட்டப்பட்டவரே தன் தீர்ப்ப தானே தள்ளுபடி பண்ண மாதிரி. 1990 தேர்தல்ல அங்க ஆட்சி மாறி, 1991ல புது அரசாங்கம் வழக்கயே வாபஸ் வாங்கிடுச்சு. ஒரு டாலர் கூட கைக்கு வரல.

2002ல போர்க்குற்றங்களுக்குன்னே தனியா சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வந்துச்சு, அது செயல்பட ஆரம்பிச்சது ஜூலை 1, ஆகஸ்ட் 2 அன்னைக்கு அமெரிக்கால ஒரு சட்டம் கையெழுத்தாகுது: எங்க ஆள அந்த கோர்ட் புடிச்சு வச்சா, விடுவிக்க தேவையான எல்லா வழியையும் ஜனாதிபதி எடுக்கலாம். எல்லா வழின்னா ராணுவமும்தான், அந்த கோர்ட் இருக்கறதும் ஹேக்லதான், அதனாலயே அந்த சட்டத்துக்கு ஹேக் படையெடுப்பு சட்டம்னு பட்டப்பேர் வந்துச்சு. ஆப்கானிஸ்தான்ல நடந்தத விசாரிக்க கிளம்பின அந்த கோர்ட் வழக்கறிஞர் மேலயே 2020ல பொருளாதார தடை போட்டாங்க.

இன்னொன்னும் சொல்லணும். 2007 செப்டம்பர் 16, பாக்தாத் நிசூர் சதுக்கம், அமெரிக்க அரசு ஒப்பந்தத்துல வேலை பாத்த பிளாக்வாட்டர் காவலர்கள் டிராபிக்ல நின்ன ஜனங்கள சுட்டதுல 17 பேர் செத்தாங்க, அதுல 9 வயசு பையன் ஒருத்தன். அமெரிக்க வழக்கறிஞர்கள் நேர்மையா உழைச்சாங்க, ஈராக்லேர்ந்து சாட்சிகள வரவழைச்சாங்க, அமெரிக்க நடுவர் குழுவே 4 பேர குற்றவாளின்னு சொன்னுச்சு. அந்த நாட்டுல நியாயம் பாக்கற மனுஷங்க இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா 2020 டிசம்பர்ல ஜனாதிபதி டிரம்ப் ஒரு கையெழுத்துல 4 பேரையும் மன்னிச்சு விட்டுட்டார். சாட்சி சொல்ல அவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தவங்கள யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

கேள்வி: யாரும் தலையிடாம வேடிக்கை பாத்தா ருவாண்டா மாதிரி ஆகும். 8 லட்சம் பேர் செத்தாங்களே, அதுக்கு உங்க பதில் என்ன?
(வாசகி, கோவை)

பதில்: வந்த கடிதங்கள்லயே என்ன தூங்க விடாத கேள்வி இதுதாங்க, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

1994 ஏப்ரல் 6 ராத்திரி ருவாண்டா ஜனாதிபதி போன விமானத்த சுட்டு வீழ்த்தினாங்க. மறுநாளே கொலை ஆரம்பிச்சுது, பக்கத்து வீட்டுக்காரன், கூட படிச்சவன், சர்ச்சுக்கு கூட வந்தவன்னு எல்லாரும் அரிவாள தூக்கினாங்க, 100 நாள்ல 8 லட்சம் பேர் வரைக்கும், பெரும்பாலும் டுட்ஸிங்கற சிறுபான்மை இன ஜனங்க. அங்க ஏற்கனவே சுமார் 2,500 ஐ.நா. அமைதிப்படை வீரர்கள் இருந்தாங்க, தளபதி கனடாக்காரர் ரோமியோ டலேர். ஆயுதம் பதுக்கறாங்க, ஆளுங்கள கணக்கெடுக்கறாங்க, கொல்லத்தான் போறாங்கன்னு அவர் ஜனவரி 11ம் தேதியே நியூயார்க்ல இருக்கற ஐ.நா. தலைமையகத்துக்கு தகவல் அனுப்பிட்டார், நீங்க எதுவும் ரெய்டு பண்ணக்கூடாதுன்னு பதில் வந்துச்சு. கொலை ஆரம்பிச்ச முதல் நாளே 10 பெல்ஜியம் வீரர்கள கொன்னாங்க, உடனே பெல்ஜியம் தன் படைய திருப்பி கூப்பிட்டுக்கிச்சு. தலைநகர் கிகாலில ஒரு டெக்னிக்கல் ஸ்கூல், அங்க பெல்ஜியம் வீரர்கள நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தாங்க, ஏப்ரல் 11 அன்னைக்கு வீரர்கள் வண்டிய கிளப்பறாங்க, ஜனங்க வண்டி முன்னாடி விழுந்து கெஞ்சறாங்க, வண்டி போயிடுச்சு, கேட்டுக்கு வெளில குடிச்சிட்டு காத்துக்கிட்டிருந்தவங்க உள்ள வந்தாங்க. அதே வாரத்துல பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி எல்லாம் படை அனுப்பினாங்க, எதுக்கு? அவங்க நாட்டுக்காரங்கள பத்திரமா கூட்டிட்டு போக.

ஏப்ரல் 21 பாதுகாப்பு சபை கூடி என்ன பண்ணுச்சு தெரியுமா, படைய 270 பேரா குறைச்சுது. இத எழுதும்போது இன்னொரு விஷயம் மனச அறுக்குது, அந்த வருஷம் பாதுகாப்பு சபைல ஒரு இடத்துல ருவாண்டா அரசாங்கத்தோட பிரதிநிதியே உறுப்பினரா உக்காந்திருந்தார்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அந்த நேரத்துல உலக போலீஸ்னு சொல்ற நாடு இல்லாமயா போச்சு? சோவியத் உடைஞ்சு 2 வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு, அமெரிக்காவுக்கு போட்டிக்கு ஆளே இல்லாத காலம் அது. ஆனா 6 மாசம் முன்னாடி, 1993 அக்டோபர் தொடக்கத்துல சோமாலியா தலைநகர் மொகதிஷுல 18 அமெரிக்க வீரர்கள் செத்திருந்தாங்க (அதே சண்டைல செத்த நூத்துக்கணக்கான சோமாலியர்கள பத்தி யாரும் பேசறதில்ல), அதுக்கப்புறம் ஆப்பிரிக்கான்னாலே வாஷிங்டன் ஒதுங்க ஆரம்பிச்சுது. கொன்னு குவிக்கச் சொல்லி பேர் பேரா வாசிச்சுக்கிட்டிருந்த ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்துச்சு, அந்த ஒலிபரப்ப மட்டுமாவது தடுக்க முடியுமான்னு கேட்டப்ப, விமானம் பறக்க மணிக்கு சுமார் 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கல் வேற இருக்குன்னு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் குறிப்பு எழுதி ஒதுக்கிடுச்சு. இனப்படுகொலைங்கற வார்த்தைய சொன்னா தலையிட வேண்டிய கட்டாயம் வருமேன்னு, அந்த வார்த்தைய அப்படியே சொல்லாம சுத்தி வளைச்சு பேசினாங்க. 1998ல கிளின்டன் கிகாலிக்கு போய், உலகம் செய்ய வேண்டியத செய்யலன்னு வருத்தப்பட்டார்.

அதனால எனக்கு ருவாண்டா சொல்ற பாடம் வேற. வல்லரசுக்கு போலீஸ் வேலைய குடுத்தா, அது தன் சொத்து இருக்கற தெருவுல மட்டும்தான் ரோந்து போகும். ருவாண்டால எண்ணெய் இல்ல, துறைமுகம் இல்ல, அதனால யாரும் வரல. அங்க தேவைப்பட்டது வல்லரசு இல்ல. நல்ல ஆயுதத்தோட 5,000 பேர் இருந்திருந்தா நிறைய உயிர காப்பாத்தியிருக்கலாம்னு டலேர் பல தடவை சொல்லியிருக்கார், அந்த 5,000 பேர யாரோட சொந்த லாபத்தையும் பாக்காம அனுப்பக்கூடிய ஒரு ஏற்பாடுதான் இல்லாம போச்சு. தலையிடவே கூடாதுன்னு நான் சொன்னா அந்த ஸ்கூல்ல தஞ்சம் புகுந்த 2,000 பேர் முகத்துல நான் முழிக்க முடியாது. யார் முடிவு பண்ணி, யார் கட்டுப்பாட்டுல, எதுவரைக்கும் தலையிடறதுங்கறதுதான் என் சண்டை.

கேள்வி: சதாம் உசேன் ஒரு கொடுங்கோலன். அவர தூக்கினது நல்ல காரியம்தானே?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: கொடுங்கோலன்தான் ஐயா, அதுல சந்தேகமே இல்ல. 1988 மார்ச்ல ஈராக்ல ஹலப்ஜாங்கற குர்து ஊர்ல விஷவாயு குண்டு போட்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள கொன்னார். ஆனா அப்போ அவர் அமெரிக்காவோட எதிரி இல்லயே, ஈரான் கூட சண்டை போட்டுக்கிட்டிருந்த அவருக்கு வாஷிங்டன் உளவுத் தகவல் குடுத்து உதவிக்கிட்டிருந்த காலம் அது.

1990 ஆகஸ்ட்ல குவைத்த புடிச்சார். அப்போ பாதுகாப்பு சபை கூடி 678ம் எண் தீர்மானம் போட்டு, கெடு வச்சு, 30க்கு மேல நாடுகள் சேர்ந்து வெளியேத்தினாங்க, வெளியேத்தின உடனே நிறுத்திட்டாங்க. அந்த போர்லயும் கொடுமை நடந்துச்சு, ஆனா அனுமதி இருந்துச்சு, எல்லை இருந்துச்சு. 2003ல அமெரிக்கா ஈராக் மேல படையெடுத்தப்ப ரெண்டும் இல்ல. பிப்ரவரி 5 அன்னைக்கு வெளியுறவு அமைச்சர் காலின் பாவல் ஐ.நா.ல உக்காந்து பேரழிவு ஆயுதம் இருக்குன்னு படம் எல்லாம் போட்டு காட்டினார், ஐ.நா. ஆய்வாளர்கள் தேடிக்கிட்டே இருந்தாங்க, இன்னும் சில மாசம் குடுங்கன்னு கேட்டாங்க, குடுக்காம மார்ச் 20 குண்டு போட ஆரம்பிச்சாங்க. அவர் சொன்ன ஆயுதம் எதுவும் கிடைக்கல. இந்த போர் ஐ.நா. சாசனப்படி சட்டவிரோதம்னு அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அனான் மறு வருஷம் வெளிப்படையா சொன்னார், சொன்னதோட சரி.

பாக்தாத் விழுந்த அன்னைக்கு அப்புறம் நடந்தது எனக்கு மறக்கவே மாட்டேங்குது. ஆயிரக்கணக்கான வருஷ மெசபடோமிய பொருட்கள் இருந்த தேசிய மியூசியத்த கூட்டம் கூட்டமா வந்து கொள்ளை அடிச்சாங்க, ஆஸ்பத்திரிகள கூட விடல, அமெரிக்க டாங்குகள் அதே ஊர்ல எண்ணெய் அமைச்சக கட்டடத்துக்கு காவலுக்கு நின்னுச்சு. மே மாசம் ஈராக் ராணுவத்தயே ஒரே உத்தரவுல கலைச்சாங்க, துப்பாக்கி சுடத் தெரிஞ்ச லட்சக்கணக்கான ஆம்பளைங்க ஒரே நாள்ல சம்பளம் இல்லாம தெருவுக்கு வந்தாங்க. அவங்கள்ல கொஞ்ச பேர் பின்னாடி எங்க போய் சேர்ந்தாங்கன்னு 2014ல மோசுல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கைல விழுந்தப்ப உலகமே பாத்துச்சு. செய்திகள்லேர்ந்து ஒவ்வொரு சாவா எண்ணி பதிவு பண்ணவங்க கணக்குல மட்டும் செத்த பொதுமக்கள் 2 லட்சத்த ஒட்டி வருது. நீங்க ஆசிரியரா இருந்தவர், ஒரு கெட்ட பையன வெளியேத்த மொத்த ஸ்கூலயும் எரிக்கறத ஒத்துப்பீங்களா?

கேள்வி: கொசோவோல அனுமதி இல்லாமதான் குண்டு போட்டாங்க, ஆனா ஜனங்க காப்பாத்தப்பட்டாங்களே?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆமா. 1999ல அமெரிக்கா தலைமைல இருக்கற நேட்டோ ராணுவக் கூட்டணி செர்பியா மேல 78 நாள் குண்டு போட்டுச்சு, செர்பியப் படைங்க கொசோவோலேர்ந்து விரட்டின லட்சக்கணக்கான அல்பேனிய ஜனங்க வீட்டுக்கு திரும்பினாங்க, அங்க தலைநகர் பிரிஸ்டினால கிளின்டனுக்கு சிலையே வச்சிருக்காங்க, அந்த நன்றிய குறை சொல்ல எனக்கு தகுதி இல்ல. 4 வருஷம் முன்னாடிதான் போஸ்னியா நாட்டு ஸ்ரெப்ரெனிட்சால ஐ.நா. வீரர்கள் கண் முன்னாடியே செர்பியப் படைங்க பிரிச்சு கொண்டு போன 8,000 ஆம்பளைங்களயும் பையன்களயும் கொன்னிருந்தாங்க, அந்த பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. என் வாதத்துல இது இடிக்கற இடம்தான், மறைக்கல. ஆனா அன்னைக்கு ஒரு தடவை அனுமதி இல்லாம போலாம்னு திறந்த கதவு வழியாத்தான் 2003ல ஈராக்குக்குள்ள போனாங்க, 2014ல உக்ரைன்கிட்டேர்ந்து கிரிமியாவ எடுத்துக்கிட்ட ரஷ்ய ஜனாதிபதி புடினும் கொசோவோவத்தான் உதாரணம் காட்டினார்.

கேள்வி: அமெரிக்கா விலகினா ரஷ்யாவும் சீனாவும் வந்து உக்காருவாங்க, அது பரவாயில்லயா?
(ஐ.டி. ஊழியர், பெங்களூரு)

பதில்: பரவாயில்லன்னு எங்க சொன்னேன்? 1956ல ஹங்கேரி, 1968ல செக்கோஸ்லோவாக்கியா, 1979லேர்ந்து ஆப்கானிஸ்தான்ல 9 வருஷத்துக்கு மேல, சோவியத்தும் இதே வேலையத்தான் பாத்துச்சு. 2022 பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைன்குள்ள புகுந்துச்சு, மறுநாள் பாதுகாப்பு சபைல கண்டனத் தீர்மானம் வந்தப்ப கை தூக்கி வீட்டோ பண்ணதும் ரஷ்யாதான், நிகரகுவால அமெரிக்கா பண்ணத அச்சு பிசகாம பண்ணாங்க. ரெண்டாம் உலகப்போர் நடக்கறப்பவே இன்னொரு ரூஸ்வெல்ட், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், சீனா நாலும் உலகத்துக்கு நாலு போலீஸ்காரங்கன்னு ஒரு யோசனை வச்சிருந்தார். அதுதான் பிரான்ஸையும் சேர்த்து வீட்டோ உள்ள 5 நாடா இன்னைக்கு உக்காந்திருக்கு. இந்த அஞ்சு பேர்ல யார் தப்பு பண்ணாலும் கேக்க வழியில்லாம அப்பவே பூட்டு போட்டுட்டாங்க. உங்க பயம் நியாயம், ஆனா ஒரு பண்ணையார் போய் இன்னொரு பண்ணையார் வந்துடுவாரோன்னு இருக்கற பண்ணையாரயே வச்சுக்க சொல்றீங்க.

கேள்வி: 1971ல இந்தியா வங்காளதேசத்துல நுழைஞ்சது மட்டும் சரியா? நம்ம நாடுன்னா தனி நியாயமா?
(வாசகர், சேலம்)

பதில்: நல்லா கேட்டீங்க. ஒரு கோடி அகதிங்க எல்லை தாண்டி வந்துட்டாங்க, டிசம்பர் 3 பாகிஸ்தான் நம்ம விமான தளங்கள்ல குண்டு போட்டுச்சு, 16ம் தேதி போர் முடிஞ்சுது, 1972 மார்ச்ல நம்ம படை மொத்தமா வெளியேறிடுச்சு. அந்த கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம், வேலை முடிஞ்சதும் கிளம்பினது. கிழக்கு வங்காளத்துல நடந்த கொலைகள பத்தி டாக்காவுல இருந்த அமெரிக்க துணைத் தூதரக தலைவரே தன் அரசாங்கத்துக்கு கண்டிச்சு தந்தி அனுப்பினார், அவங்க அத கேக்காம வங்காள விரிகுடாவுக்கு எண்டர்பிரைஸ் விமானந்தாங்கி கப்பல அனுப்பினது இந்தியாவ மிரட்ட. அதுக்காக நாம எப்பவும் நல்லவங்கன்னு அர்த்தம் இல்ல, அடுத்த கேள்விய படிங்க.

கேள்வி: 2009ல எங்களுக்கு யாரும் வரேல்ல. உலகப் போலீஸ் எண்டு ஒருத்தர் இருந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நடந்திருக்குமா?
(வாசகி, வவுனியா)

பதில்: அம்மா, உங்களுக்கு பதில் எழுத எனக்கு தயக்கமா இருக்கு. நான் அங்க இல்ல, நீங்க இருந்திருக்கலாம்.

எனக்கு தெரிஞ்சத மட்டும் சொல்றேன். 2008 செப்டம்பர்ல கிளிநொச்சிலேர்ந்து ஐ.நா. ஊழியர்கள் கிளம்பினப்ப ஜனங்க அலுவலக வாசல்ல நின்னு போகாதீங்கன்னு கெஞ்சினாங்க. கிகாலி ஸ்கூல் வாசல்ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் 2009 மே வரைக்கும் பாதுகாப்பு சபை இலங்கைய தன் முறையான நிகழ்ச்சி நிரல்ல கூட எடுத்துக்கல. 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கக் கூடும்ங்கறத தள்ளிட முடியாதுன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011ல சொன்னுச்சு, எங்க அமைப்பு கடமைல தோத்துடுச்சுன்னு ஐ.நா.வோட உள் விசாரணை அறிக்கையே 2012ல ஒத்துக்கிச்சு. போர் முடிஞ்ச சில நாள்லயே மனித உரிமை சபைல இலங்கை அரசுக்கு சாதகமா வந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவா ஓட்டு போட்டுச்சு, இத எழுத எனக்கு வெக்கமா இருக்கு.

ஆனா பக்கத்து பெரிய நாடு போலீஸா வந்தா எப்படி இருக்கும்ங்கறது உங்க ஊருக்கு தெரியாததா? 1987 ஜூலைல அமைதிப்படைன்னு இந்திய ராணுவம் வந்துச்சு, ஜனங்க மாலை போட்டாங்க, மூணு மாசத்துல சண்டை, அக்டோபர் 21 யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து நோயாளிகளயும் டாக்டர்களயும் நர்ஸுகளயும் சுட்டாங்க. 1990 மார்ச்ல திரும்பி வந்தப்ப கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் உயிரோட இல்ல, அந்த பசங்கள பெத்தவங்களுக்கும் இது எதுக்குன்னு யாரும் விளக்கம் சொல்லல. ஆஸ்பத்திரில செத்தவங்க குடும்பம் எந்த கோர்ட்டுக்கு போச்சு? உங்களுக்கு 2009ல தேவைப்பட்டது யார் அனுமதியும் கேக்காம வந்து குண்டு விழற இடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவுல நிக்கற ஆள், அதே நேரம் அந்த ஆள் தப்பு பண்ணா நீங்க கை நீட்டி கேக்கற உரிமை. முதல்ல சொன்னது 2009ல கிடைக்கல, ரெண்டாவது சொன்னது 1987ல கிடைக்கல.

கேள்வி: குறை மட்டும் சொல்றீங்க. என்னதான் பண்ணணும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: ஏற்கனவே நடந்த ஒன்ன சொல்றேன். சோமாலியா கடல் கொள்ளையர்கள் ஞாபகம் இருக்கா, அவங்க புடிச்ச கப்பல்கள்ல நம்ம ஊர் மாலுமிகளும் மாசக்கணக்குல மாட்டினாங்களே. 2008 ஜூன்ல பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டுச்சு, சோமாலியாவோட இடைக்கால அரசாங்கமும் சம்மதிச்சுது. இந்தியா, சீனா, ஐரோப்பா, அமெரிக்கா, ரஷ்யான்னு ஒருத்தர ஒருத்தர் நம்பாத நாடுகள் எல்லாம் ஒரே கடல்ல ரோந்து போனாங்க, புடிச்சவங்கள்ல நிறைய பேர கென்யாலயும் செஷல்ஸ்லயும் கோர்ட்ல நிறுத்தி விசாரிச்சாங்க, சில வருஷத்துலயே பெரிய கப்பல் கடத்தல் கிட்டத்தட்ட நின்னே போச்சு. வெளிநாட்டு டிராலர்கள் வந்து அவங்க மீன அள்ளிட்டு போனதுதான் ஆரம்பம்னு சோமாலிய மீனவர்கள் சொல்றாங்க, அந்த குறை இன்னும் தீரல, ஆனா போலீஸ் வேலைன்னா அது இப்படித்தான் இருக்கணும்.

ஐ.நா. அமைதிப்படை மொத்தத்துக்கும் 2024-25ல ஒரு வருஷ பட்ஜெட் சுமார் 560 கோடி டாலர், நான் மேல சொன்ன அமெரிக்க ராணுவ செலவுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அந்த படைக்கு ஆள் அனுப்பறது நேபாளம், வங்காளதேசம், இந்தியா, அப்புறம் ருவாண்டா. ஆமா அதே ருவாண்டாதான், இன்னைக்கு அதிகமா வீரர்கள அனுப்பற நாடுகள்ல ஒன்னு. அவங்களுக்கு ஹெலிகாப்டரும் கவச வண்டியும் குடுங்க, கூட்டுக் கொலை நடக்கற விஷயத்துல அஞ்சு நாடும் வீட்டோவ எடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க, ஹேக் கோர்ட்டுக்கு எல்லாரும் கட்டுப்படுங்க. நடக்குமான்னு கேப்பீங்க. சீக்கிரம் நடக்காதுங்க. கேக்கறத நாம நிறுத்தினா என்னைக்கும் நடக்காது.

கேள்வி: 2012ல துபாய் பக்கம் மீன் பிடிக்கப் போன எங்க மாவட்டத்து மீனவர அமெரிக்க கப்பல் சுட்டுக் கொன்னுச்சு. அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்கா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: எனக்கு இருக்குங்க. ஜூலை 16, ஜெபல் அலி துறைமுகத்துக்கு வெளில. அமெரிக்க கடற்படையோட எண்ணெய் சப்ளை கப்பல்லேர்ந்து மெஷின் கன்னால ஒரு சின்ன மீன்பிடி படக சுட்டாங்க, உங்க மாவட்டத்துக்காரர் ஒருத்தர் செத்தார், கூட இருந்த 3 பேருக்கு குண்டு காயம். 2000ல ஏடன் துறைமுகத்துல ஒரு சின்ன படகு வந்து மோதி வெடிச்சு 17 அமெரிக்க மாலுமிகள் செத்திருந்தாங்க, அந்த பயத்துல எந்த படக பாத்தாலும் அவங்களுக்கு சந்தேகம், அது எனக்கு புரியுது. எச்சரிக்கை குடுத்தும் படகு நிக்கலன்னு கடற்படை சொன்னுச்சு, எந்த எச்சரிக்கையும் வரலன்னு பிழைச்சவங்க ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு சொன்னாங்க, படகு தன் வழில சரியாத்தான் போச்சு, ஆபத்து எதுவும் இல்லன்னு துபாய் போலீஸ் தலைவரும் சொன்னார். அந்த கடலுக்கு நிஜமான போலீஸ் அவர்தான், ஆனா அவர் சொன்னதுக்கு அந்த கப்பல்காரங்கள கட்டுப்படுத்தற அதிகாரம் இல்ல.

அதே வருஷம் பிப்ரவரில கேரளா பக்கம் இத்தாலி வீரர்கள் 2 மீனவர்கள சுட்டுக் கொன்னாங்களே, அதுல ஒருத்தர் கன்னியாகுமரி மாவட்டம். அந்த வழக்கு ஹேக் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு, வீரர்கள இங்க விசாரிக்க முடியாதுன்னு 2020ல தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் கசப்புதான், இருந்தும் இத்தாலி 10 கோடி ரூபா நஷ்ட ஈடு கட்ட வேண்டி வந்துச்சு, 2021ல உச்ச நீதிமன்றம் அந்த பணம் வந்த பிறகுதான் வழக்க முடிச்சுது. ரெண்டு கடல்லயும் செத்தது வலை போடப் போன ஏழை மனுஷங்க.

உங்க ஊர்ல அந்த படகுல இருந்தவங்களயோ அவங்க குடும்பத்தயோ தெரிஞ்சா எங்களுக்கு எழுதுங்க. அவங்களுக்கு என்ன கிடைச்சுது, யார் வந்து பாத்தாங்க, இப்ப எப்படி இருக்காங்கன்னு அவங்க வாய்லேர்ந்து வரத அப்படியே இந்த பக்கத்துல போடறேன், பேர் வேணாம்னா பேர் இல்லாம.